மொட்டை மாடியில் காய்ந்த பீக்கன்

மார்ச் 2

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நலம். அங்கு நலமா என்று கேட்பது முறை என்பதால் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. உங்கள் தம்பி எழுத வைத்தார். "அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்" என்றார். "போன் போட்டா உங்க அக்கா பேசுவாங்க, நான் கேட்டுக்கிட்டு நிக்கணும். கடிதம்னா நான் பேசலாம், அவங்க கேட்டுத்தான் ஆகணும்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கென்ன, இரண்டு பக்கமும் தலையாட்டியே காலத்தை ஓட்டுகிற மனுஷன்.

விஷயம் இதுதான். ஐந்து வருஷத்துக்கு முன் நீங்கள் அவருடைய சரக்குப் படகுக்கு வாங்கிக் கொடுத்த மஞ்சள் பீக்கன் இப்போது என் சமையலறை மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது. படகு முழுகினால் தானே மிதந்து மேலே வந்து, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பி, காப்பாற்ற ஆளைக் கூப்பிடும் என்று சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் பாடம் நடத்தினீர்களே, அதேதான். பேட்டரிக்கு ஆயுள் முடியப் போகிறதாம். கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். எங்கே கொடுத்து மாற்றுவது என்று உங்களுக்குத்தான் தெரியுமாம். எழுதுங்கள். அது உப்புப் பூத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு, பார்க்கவே சகிக்கவில்லை. அதைத் தள்ளிவிட்டுத்தான் காய் நறுக்குகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் அதே மேஜையில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆபத்து என்றால் மீட்பு மையம் யாரைக் கூப்பிடும் என்று யாரோ கேட்டார்கள். "என் நம்பரைத்தான் பதிஞ்சிருக்கேன்" என்றீர்கள். கட்டின மனைவி பக்கத்திலேயே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். "ஏன், என் நம்பர் இல்லையா?" என்று கேட்டேன். "நீ போன் எடுக்கிற லட்சணத்துக்கு உன் நம்பரைக் குடுத்தா, மீன்தான் வந்து பதில் சொல்லும்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் தம்பியும் சிரித்தார். அவர் சிரித்ததை மன்னித்துவிட்டேன், கூடவே குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறதே.

கடையின் முகவரி மட்டும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி

---

மார்ச் 8

என் தம்பி பெண்டாட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. எட்டு மாதமாக நீ என்னோடு பேசவில்லை, அதனால் உன் கையெழுத்தே மறந்துபோயிருந்தது. கோபத்தில் எழுதினாலும் எழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

கடை, துறைமுக வாசலுக்கு எதிரில், கயிறு விற்கிறவன் கடைக்கு மாடியில். போகும்போது பீக்கனைச் சுத்தமாக எடுத்துக்கொண்டு போ. அழுக்கோடு கொடுத்தால் அந்த ஆள் மூஞ்சியைச் சுளித்து ஒரு மூலையில் போட்டு மறந்துவிடுவான். பேட்டரி மாற்றிய பிறகு மாதம் ஒரு தடவை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல். பச்சை விளக்கு எரிந்தால் நலம் என்று அர்த்தம். ஆபத்து வந்த பிறகு வேலை செய்யுமா என்று பார்க்க முடியாது பார்.

பாடம் நடத்தினேன் என்று குத்திக் காட்டியிருக்கிறாய். நடத்தத்தான் செய்வேன். டெலிவிஷன் நிலையத்து முற்றத்தில் பெரிய டிஷ்களுக்கு நடுவில் வேலை பார்க்கிறவள் நான். என் தம்பியே என்னை ஆன்டெனா அக்கா என்றுதானே கூப்பிடுகிறான்! கேட்டுக்கொள். 1957-இல் முதல் செயற்கைக்கோளை ஏவினார்கள். ஒரு பெரிய பூசணிக்காய் அளவு. பீப் பீப் என்று கத்துவதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. கீழே ரேடியோவில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கோள் நெருங்கி வரும்போது சத்தம் கூராக இருக்கிறது, தாண்டிப் போகும்போது மட்டமாகிறது. நீ வேலை பார்க்கிற டிப்போவில் ஹாரன் அடித்துக்கொண்டே பஸ் கடந்து போனால் கேட்குமே, அதே கதை. அந்த மாற்றத்தை வைத்தே கோள் எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். அப்புறம் யாரோ அதைத் திருப்பிப் போட்டார்கள். கோள் இருக்கும் இடம் தெரிந்தால், கேட்கிறவன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாமே! அந்த யோசனையின் பேரப்பிள்ளைதான் நீ தினமும் பார்க்கிற திரை. எந்த பஸ் எந்தத் தெருவில் நிற்கிறது என்று பயணிகளுக்குச் சொல்கிறாயே, அந்தப் பெருமை முழுக்க உனக்கில்லை. பாதி அந்தப் பூசணிக்காய்க்கு.

பீக்கனும் அதே குடும்பம்தான். இங்கே இது கத்தும், அங்கே கோள் கேட்கும். இன்னொரு விஷயம். இந்த மீட்பு ஏற்பாட்டைத் தொடங்கியது யார் தெரியுமா? ஒருவர் மூஞ்சியில் ஒருவர் விழிக்காமல் குண்டுகளைக் குறிபார்த்து வைத்திருந்த இரண்டு வல்லரசுகள். கூட வேறு இரண்டு நாடுகள். அந்தச் சண்டைக்கு நடுவிலும், தண்ணீரில் தத்தளிக்கிறவனைக் கண்டுபிடிக்க மட்டும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நீ எட்டு மாதத்துக்கே இப்படிக் கொடி பிடிக்கிறாய்.

நம்பர் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

உன் நாத்தனார்

---

மார்ச் 17, ராத்திரி

அடியே,

இருக்கிற கோபத்தில் எழுதுகிறேன். அதனால் எழுத்துக் கோணல்மாணலாக இருக்கும், படித்துக்கொள். போனிலேயே உன்னைத் திட்டியிருப்பேன். அப்போது அதற்கு நேரமில்லை. கடிதத்துக்கு நேரம் இருக்கிறது.

மத்தியானத்துக்கு மேல் நான் வேலையில் இருந்தேன். இந்த மாதத்தில் சில நாள், சூரியன் நேராக எங்கள் கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். டிஷ் கோளைப் பார்ப்பதா சூரியனைப் பார்ப்பதா என்று தடுமாறும், கொஞ்ச நேரம் படம் புள்ளி புள்ளியாகிவிடும். சீரியல் பார்க்கிற ஜனம் சும்மா இருக்குமா? போன் போட்டுத் திட்டித் தீர்ப்பார்கள். அந்தக் களேபரத்தில்தான் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"மீட்பு மையத்திலேர்ந்து பேசறேன். உங்க தம்பியோட படகு பீக்கன் ஆபத்துக் குறி அனுப்புது. அவர் கடல்லதான் இருக்காரா?"

"எங்கேர்ந்து வருது?" என்று கேட்டேன். "இடம் இன்னும் சரியா விழலை. அடுத்த கோள் கடந்து போனதும் தெரிஞ்சிடும். அதுக்குள்ள வீட்ல கேட்டுச் சொல்லுங்கம்மா" என்றார்.

அவன் போனுக்கு அடித்தேன், அணைந்திருந்தது. உனக்கு அடித்தேன். நீ வெட்டினாய். மறுபடி அடித்தேன். மறுபடி வெட்டினாய். எத்தனை தடவை என்று உன் போனையே கேட்டுப் பார், அதற்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அங்கே என் தம்பி முழுகிக்கொண்டிருக்கிறான், இங்கே நீ என் பெயரைப் பார்த்துப் பார்த்து வெட்டுகிறாய். உன்னை என்ன செய்தால் தகும்?

கடைசியில்தான் புத்தி வந்தது. ஊரில் யார் கேட்டாலும் பஸ் எங்கே என்று தேன் வடியச் சொல்கிறவள் ஆயிற்றே நீ. உன் டிப்போவின் விசாரணை எண்ணுக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாய்!

"வணக்கம், எந்த பஸ் வேணும் உங்களுக்கு?"

"பஸ் வேணாம்டி. உன் புருஷன் எங்கே?"

நீ வைத்துவிடுவாய் என்று பயந்தேன். வைக்கவில்லை. என் குரலில் என்ன கேட்டதோ, "அவர் விடியக்காலையே கெளம்பிட்டாரு அண்ணி, கூட்டாளியோட கலங்கரை விளக்கத் தீவுக்கு கேஸ் சிலிண்டர் ஏத்திக்கிட்டு" என்றாய். எட்டு மாதம் கழித்து நீ அண்ணி என்று கூப்பிட்ட நேரத்தைப் பார்.

அதற்குள் மேஜைமேல் இருந்த இன்னொரு போனில் மீட்பு மையத்து அதிகாரி வந்தார். "அம்மா, இடம் கிடைச்சிடுச்சு. ஆனா ஒரு சந்தேகம். இது தரையிலேர்ந்து வருது." தெருப் பெயரைச் சொன்னார். உன் வீட்டுத் தெரு.

"அந்தப் பீக்கனை என்னடி பண்ணினே?"

"சுத்தம் பண்ணிக் குடுக்கச் சொன்னீங்களே. மத்தியான ஷிப்டுக்குக் கெளம்பறப்ப சோப்புத் தண்ணி வாளியில முக்கிக் கழுவி, மொட்டை மாடியில காயப் போட்டுட்டு வந்தேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சாமான் படகில் மாட்டியிருக்கிற தன் தொட்டிலில் இருக்கும்வரை சும்மா இருக்கும். தொட்டிலை விட்டு எடுத்து நனைத்தால், படகு முழுகிவிட்டது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு கத்த ஆரம்பிக்கும். நீ அதை வாளியில் முக்கி, வானம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாய். அதிகாரியும் சிரித்தார். உன் பக்கத்திலும் சிரிப்பு கேட்டது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "பீக்கன் மாடியில இருக்குன்னா, அவன்கிட்ட என்ன இருக்கு?"

யாரோ ஒரு பயணி உன் கவுன்ட்டரில் எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தக் குரல் மட்டும்தான் கேட்டது.

மற்றதை நீதான் எழுத வேண்டும். என்னால் முடியாது.

உன் நாத்தனார்

---

மார்ச் 19

அன்புள்ள அண்ணி,

மழை கொட்டுகிறது. முந்தாநாள் ராத்திரி தொடங்கியது இன்னும் விடவில்லை. காற்றில் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை பறந்துபோய்விட்டது. உங்கள் தம்பி உள்ளே குறட்டை விடுகிறார். இந்தக் குறட்டைக்காக நான் எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன்! இன்றைக்கு அது நின்றால் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

முதலில் என் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். பூசணிக்காய் வரலாறு எழுதினீர்கள். வல்லரசு வரலாறு எழுதினீர்கள். தண்ணீர் படக் கூடாது என்று ஒரு வரி எழுதினீர்களா? "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி" என்பார்களே, அது நீங்கள்தான். பீக்கன் தலையில் விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தபோது, அழுக்குப் போனதும் எவ்வளவு ஜோராக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன் அண்ணி. துண்டால் துடைத்துக்கூட வைத்தேன்.

நீங்கள் கேட்ட மற்றது. அவரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அப்போது என் கண்முன் திரையில் ஊர் பஸ் அத்தனையும் பச்சைப் புள்ளியாக ஓடிக்கொண்டிருந்தது. எந்த வண்டி எந்தத் திருப்பத்தில் என்று கேட்டால் சொல்வேன். என் வீட்டு மனுஷன் எங்கே என்று சொல்ல ஒரு புள்ளி இல்லை. கவுன்ட்டரைப் பக்கத்துப் பெண்ணிடம் விட்டுவிட்டு, என் சொந்த போனில் உங்களைப் பிடித்து, அதைக் காதோடு வைத்தபடி வீட்டுக்கு ஓடினேன். "வைக்காதே, வைக்காதே" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். மாடியில் ஒரு காக்கா பீக்கன் எதிரில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை விரட்டிவிட்டு, நீங்கள் சொன்ன விசையைத் தள்ளினேன். மினுக்கல் நின்றது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதிகாரி ரேடியோவில் படகைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார், பதில் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புகிற ஆள், பொழுது சாய்கிறது. மேகப் படத்தில் பெரிய காற்று ஒன்று வருவது தெரிகிறது, இருட்டுவதற்குள் பார்த்தால்தான் உண்டு என்று அவர் உங்களிடம் சொன்னதை, நீங்கள் என்னிடம் சொல்லாமல் விழுங்கப் பார்த்தீர்கள். பக்கத்தில் இருந்த உங்கள் இன்னொரு போனிலிருந்து எனக்கே கேட்டுவிட்டது. "நேர் வழியிலே தேடச் சொல்றோம்" என்றார் அவர். நான்தான் இடையில் கத்தினேன்.

"நேர் வழியில தேடாதீங்க! அவர் திரும்பி வரும்போது தீவுக்குப் பின்பக்கம் பாறைகிட்ட நிறுத்தித் தூண்டில் போடுவாரு. இல்லவே இல்லன்னு என்கிட்ட சத்தியம் பண்ணுவாரு. சட்டையை மோந்து பார்த்தாலே தெரியும்."

டிப்போவில் ஒரு பஸ்ஸின் பெட்டி வேலை செய்யவில்லை என்றால் நான் இப்படித்தான் சொல்வேன் அண்ணி. கடைசியாகப் பார்த்த நிறுத்தம் எது, ஓட்டுகிறவர் எங்கே டீ குடிக்க நிறுத்துவார், அவ்வளவுதான். அந்தப் பாறையிலிருந்து காற்றுத் தள்ளினால் எங்கே போகும் என்று அதிகாரி கணக்குப் போட்டு, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பலைத் திருப்பிவிட்டார்.

அப்புறம் நாம் இரண்டு பேரும் காத்திருந்தோமே, அதை எப்படி எழுதுவது? யாரும் போனை வைக்கவில்லை. உங்கள் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு தடவை மூக்கைச் சிந்தினீர்கள். "அண்ணி, இருக்கீங்களா?" என்றேன். "எங்கடி போவேன்" என்றீர்கள். எட்டு மாதமாக உங்களைத் திட்டித் திட்டி நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துபோயிற்று. நீரடித்து நீர் விலகாது என்று சும்மாவா சொன்னார்கள்?

கடைசியில் அந்த அதிகாரி சொன்னதை நீங்கள் அப்படியே திருப்பிச் சொன்னீர்கள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம். இன்ஜின் தண்ணிக் குழாய் வெடிச்சிருக்கு, பேட்டரியும் போச்சாம். கப்பல்லேர்ந்து ஏணியை இறக்கினா, ஒரு நிமிஷம் இருங்க, தூண்டிலைச் சுருட்டிக்கிறேன்னானாம்!"

நாம் தேடுவதே தெரியாமல் மீன் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார் அண்ணி, உங்கள் அருமைத் தம்பி! தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. படகைக் கட்டி இழுத்து வந்து துறைமுகத்தில் விட்டார்கள். இறங்கி வந்தவரை அடிப்பதா கட்டிப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். கூட்டாளி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் ஒன்று, சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் அந்தச் சாமானைக் கழுவாமல் இருந்திருந்தால், அன்றைக்கு யாரும் யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நான் டிப்போவில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன், நீங்கள் டிஷ்ஷைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அவர் வரவில்லை என்று எனக்கு உறைப்பதற்குள் இருட்டியிருக்கும், இந்த மழையும் வந்திருக்கும். ஆகவே என் சோப்புத் தண்ணீரைப் பற்றி இனிமேல் யாரும் சிரிக்கக் கூடாது.

உங்கள்
தம்பி மனைவி

---

மார்ச் 25

கண்ணு,

சிரிக்கவில்லை. சரி, சிரித்தேன். நிலையத்தில் எல்லோரிடமும் சொன்னேன். பூசணிக்காய்க்கு அடுத்தபடி வரலாற்றில் உன் வாளிதான் என்று தீர்மானம் செய்திருக்கிறோம்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. நீ போன் எடுக்க மாட்டாய் என்று நாலு பேர் நடுவில் சொன்னவள் நான். அன்றைக்கு மீட்பு மையத்து அழைப்பு வந்தபோது, சீரியல் கெட்டுப்போன யாரோ திட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நானும் முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவைதான் எடுத்தேன். நான் சொன்ன அந்த மீன் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

பேட்டரி மாற்றக் கொடுக்கும்போது பதிவையும் மாற்றிவிடு. முதல் நம்பராக உன்னுடையதைக் கொடு. நான் ஒப்புக்கொண்டு சொல்கிறேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இல்லை. எனக்குக் கோளைத் தெரியும். அவனைத் தெரிந்தவள் நீதான். நாற்பது வருஷமாக அவனுக்கு அக்காவாக இருக்கிறேன், அந்தப் பாறை விஷயம் எனக்குத் தெரியாதே!

தூண்டிலைப் பிடுங்கி அடுப்பில் போட்டாயா?

அண்ணி

---

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணி,

தூண்டிலைப் பிடுங்கவில்லை. பாறைப் பக்கம் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று மட்டும் ஒப்பந்தம். "சரி" என்றார். சட்டையை மோந்து பார்க்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்று அந்தக் கடைக்குப் போனோம். கயிற்றுக் கடைக்கு மாடியில், நீங்கள் சொன்ன இடம்தான். கடைக்காரர் பீக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இவ்வளவு சுத்தமா யாருமே கொண்டு வந்ததில்ல" என்றார். உங்கள் தம்பி சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார். இனி பீக்கன் படகை விட்டு இறங்கினால் படகும் கரையை விட்டு நகராது, அதுவும் ஒப்பந்தம்.

பேட்டரி மாற்றிய பிறகு, பதிவை மாற்ற வேண்டுமா, யாரை முதலில் கூப்பிடுவது என்று கடைக்காரர் கேட்டார். என் நம்பர் வாய்வரை வந்துவிட்டது அண்ணி. எட்டு மாதம் அதற்காகத்தானே சண்டை போட்டேன்? ஆனால் அன்றைக்கு மாடியில் நின்ற என் நிலைமை எனக்குத் தெரியும். அந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் அழுதிருப்பேனே தவிர, எங்கேர்ந்து வருது என்று ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டேன். நீங்கள் கேட்டீர்கள்.

அதனால் முதல் நம்பர் உங்களுடையதுதான். இரண்டாவது என்னுடையது. அவர்கள் உங்களைக் கூப்பிடட்டும், கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள். அப்புறம் என்னைக் கூப்பிடுங்கள், அவர் எங்கே இருப்பார் என்று நான் சொல்கிறேன். ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம், நடுவில் என்னை விட்டால் உங்கள் கோளுக்கு ஒன்றும் தெரியாது.

மாதம் ஒரு தடவை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொன்னீர்களே, பீக்கனுக்கு அதை அவர் பார்த்துக்கொள்வார். நமக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு அடியுங்கள். ஒன்றும் விஷயம் இருக்க வேண்டியதில்லை. சும்மா, "இருக்கியா?" என்று கேட்டால் போதும்.

முதல் மணியிலேயே எடுப்பேன்.

உங்கள்
தம்பி பெண்டாட்டி